மைசூர்–சேலம், முக்கால் மணி நேரம்

தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறவனுக்கு, உலகத்தில் எல்லாமே ரயில் மாதிரிதான் நடக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கும். எனக்கும் இருந்தது. அந்த நினைப்போடுதான் அப்பாவை விமானத்தில் ஏற்றக் கிளம்பினேன்.

அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தங்கம் யார் யாருக்கோ போனது, தூசி மட்டும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. பத்தடி நடந்தால் மூச்சிரைக்கும். "ஆயுசு பூரா பூமிக்குக் கீயவே இருந்துட்டேன்டா. ஒரு வாட்டி மேல போய்ப் பாத்துட்டா போதும்" என்று ஆரம்பித்தார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடாது என்றார் டாக்டர். பெங்களூர் விமான நிலையத்துக்குள் நடக்கிற நடையை அப்பா தாங்கமாட்டார். ஆகவே சின்ன விமான நிலையங்களாகத் தேடினேன். ஓர் இணையதளம் கேட்ட மாத்திரத்தில் சொன்னது: மைசூரிலிருந்து சேலத்துக்குப் பறக்கும் தூரம் நூற்று அறுபது சொச்சம் கிலோமீட்டர், பயண நேரம் முக்கால் மணி. சேலத்தில்தான் அக்கா இருக்கிறாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிக்கெட் மட்டும் எங்கே தேடியும் வரவில்லை. ஆன்லைனில் தீர்ந்திருக்கும், கவுண்டரில் கொடுப்பார்கள் என்று முடிவு கட்டினேன். (புத்திசாலி என்று அப்போது ஆபீஸில் எனக்குப் பெயர்.)

விடியுமுன் டாக்ஸி. அப்பா சலவை வேட்டி, புதுச் சட்டை. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மைசூர் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற காவலர் டிக்கெட் கேட்டார். "உள்ளே வாங்கிக்கிறோம் சார், சேலம், ரெண்டு பேர்" என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேலத்துக்கு இங்கிருந்து விமானமே கிடையாது என்றார்.

அதே சமயம் அக்காவின் போன். "டேய், நான் சேலம் ஏர்போர்ட்ல நிக்கிறேன். மைசூர்லேருந்து எதுவும் வராதாமேடா?"

இணையதளத்தை மறுபடி திறந்து, இந்த முறை கடைசிவரை படித்தேன். வரைபடத்தில் நேர்கோடு போட்டு அளந்த தூரமாம். பறந்தால் அவ்வளவு நேரம் ஆகும். விமானம் பறக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை.

"இன்னாடா, லேட்டா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. அப்படி ஒரு பிளேனே இல்ல."

அவர் புதுச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். பிறகு, "செரி வுடு. உங்கக்காவ வூட்டுக்குப் போவச் சொல்லு. வெயில்ல நின்னுட்டிருக்கப் போறா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி வரும்போது அவர் ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.

அந்த வருஷமே போய்விட்டார். சாவுக்கு வந்த பழைய ஷிப்ட் கூட்டாளி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பன பிளேன்ல ஏத்தின புள்ளடா நீ! உக்காந்ததும் எறங்கிட்டோம், முக்கா மணி நேரம்தான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சான்." அழுதுகொண்டிருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். (சிரிப்பு.) எனக்கு எதுவும் வரவில்லை.

இன்றும் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும் "மைசூர் ஃப்ளைட்டா?" என்றுதான் கேட்கிறார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நெஞ்சில் தூசியோடு நந்திதுர்க்கில் இன்னும் சிலர் மிச்சம் இருக்கிறார்கள். "தம்பி, உங்கப்பன் போன பிளேன்ல எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்துக் குடேன்" என்று வழிமறிக்கிறார்கள். அதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவைக்கிறேன்.

"அடப் பாவமே, நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு" என்று மூச்சு வாங்கியபடி போகிறார்கள்.