எலி மூளைக்கு வேளாவேளைக்குச் சர்க்கரை

மூளையைப் பற்றிப் பேசியவர்கள் உலகத்தில் ஏராளம். மூளையின் பசியைப் பற்றிக் கவலைப்பட்ட ஒரே மகான் எங்கள் இயக்குநர்தான். அவருடைய நிர்வாக அலுவலர் என்ற முறையில் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

நாம் எதையாவது கற்கும்போது நரம்பு செல்களுக்கு இடையே உள்ள இணைப்பு வலுப்படுகிறதாம். அதற்கு வேண்டிய சக்தியை, இணைப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து தயாரித்துக் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா. சர்க்கரையும் ஆக்சிஜனும் நின்றால் அது படுத்துவிடும், படித்ததெல்லாம் அம்போ.

ஆகவே எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலி மூளைத் துண்டு ஒன்றுக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில் ராஜ உபசாரம் நடந்தது. இளஞ்சூட்டில் சர்க்கரைக் கரைசல், குமிழ் குமிழாய் ஆக்சிஜன். அதை விட்டு யாரும் நகரக் கூடாது என்பது இயக்குநரின் 'கருணை' உத்தரவு. காவலிருந்தவள் ஆராய்ச்சி மாணவி. சோதனை முழுக்க அவள் உழைப்பு. அதைப் பற்றி வெளிவரும் ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயர் வந்தால்தான் பட்டம்.

அன்று மாலை வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தவளுக்குக் கண் இருட்டியது. துண்டுக்கு வைத்திருந்த குளுக்கோஸில் இரண்டு கரண்டி எடுத்துக் கலக்கிக் குடித்துவிட்டாள்!

உடனே விசாரணைக் குழு கூடியது. அவளைக் கையோடு அழைத்து வந்தோம். குழுவின் மூளைகளுக்கு பிஸ்கட்டும் காப்பியும் வரவழைத்தேன்.

"துண்டோட சாப்பாட்டுலயே கை வெச்சிட்டீங்களேம்மா?" என்றார் இயக்குநர்.

"மயக்கம் வந்துச்சு சார்."

"கேன்டீனுக்குப் போக வேண்டியதுதானே?"

"துண்டை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதான் உத்தரவு போட்டீங்க."

"அங்கயே ஏதாவது சாப்பிட்டிருக்கலாமே?"

"ஆய்வுக்கூடத்துல சாப்பிடக் கூடாதுன்னும் நீங்கதான் சார்."

"என் உத்தரவுல எங்கயாவது ஓட்டை இருக்கா பாருங்க!" என்று என்னிடம் பூரித்தார் இயக்குநர். நான் பிஸ்கட்டோடு தலையாட்டினேன்.

மாணவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சக்தி கிடைக்காத மூளை வேலை செய்யாதுன்னு நாமதானே சார் நிரூபிச்சோம்?"

"அது எலிக்கும்மா! மனுஷங்களுக்கு நாம இன்னும் ஆராய்ச்சியே ஆரம்பிக்கல."

கட்டுரையிலிருந்து அவள் பெயரை நீக்குவதென்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. பிறகு எல்லோரும் ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். காவலுக்கு ஆளில்லாமல் கரைசல் தீர்ந்து, துண்டு செத்துக் கிடந்தது.

மாணவி தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம இடத்துல ஒரு உயிர் பட்டினி கிடந்து வாடுறதை இந்தக் கண்ணால பார்க்க வேண்டியதாப் போச்சே!" என்று இயக்குநர் தேம்பினார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கிண்ணத்தை.