மெஸ்கட்டின் மனு

விடுதி விதி பதினேழு இப்படிச் சொல்கிறது: அரசு உதவித்தொகை பெறும் மாணவியிடம், அந்தத் தொகை வந்து சேரும்வரை விடுதிக் கட்டணம் கேட்கக் கூடாது. அதைத் தட்டச்சு செய்தவன் நான். என் அலுவலக வாழ்க்கையில் விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே மனிதப் பிறவியைத்தான் பார்த்திருக்கிறேன். அது நான் அல்ல. மெஸ்கட்.

சாந்தன்பாறை மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண். எங்கள் பல்கலைக்கழக மையமோ பாலக்காட்டின் நட்டநடுவில் இருந்தது. அங்கே ஓர் அறைக்குக் கேட்கும் வாடகைக்கு என் ஊர் நல்லேப்பிள்ளியில் ஒரு வீடே கிடைக்கும். ஆகவே விடுதிதான் அவளுக்குக் கதி.

விடுதியில் 'மெஸ் கட்' என்று ஒன்று உண்டு. தொடர்ந்து மூன்று நாள் சாப்பிட மாட்டேன் என்று அன்று காலை அடுப்பு மூட்டுவதற்கு முன் எழுதிக் கொடுத்தால், அந்த நாட்களின் சாப்பாட்டுக் கட்டணம் கழியும். மற்ற பெண்கள் ஊருக்குப் போகும்போது எழுதுவார்கள். இவள் திங்கள் முதல் புதன்வரை ஒன்று, வியாழன் முதல் சனிவரை ஒன்று என்று வாராவாரம் எழுதிவிட்டு, அறையிலேயே இருந்தாள். அதுவே அவள் பெயராகவும் ஆகிவிட்டது.

விடுதிக் கண்காணிப்பாளரான நான் அதிர்ந்துபோய்க் கூப்பிட்டேன்.

"ஏனம்மிணி, மெஸ் கட் எழுதிப்போட்டு இங்கயே இருக்கறயே?"

"சாப்பிட மாட்டேன்னுதானே சார் எழுதிருக்கேன்? தூங்க மாட்டேன்னா எழுதிருக்கேன்?"

விதி ஒன்பதைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி. அன்று மட்டும் மெஸ்ஸுக்கு வருவாள். ஆறு நாள் சாப்பாட்டையும் ஒரே உட்காரலில் முடிப்பாள். அவள் தலை தெரிந்ததும் சமையல்காரம்மா அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொள்வாள்.

மற்ற ஆறு நாள்? விசாரிக்கப் போனேன். கடைவீதியில் ராவுத்தர் ஒருவரின் மளிகைக் கடையில், ஏலக்காய் மூட்டைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நாளே ஒரு காயை முகர்ந்து பார்த்து, "பாய், இது சாயம் ஏத்துன காய். உங்கள நல்லா ஏமாத்திட்டாய்ங்க" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது அறிவித்திருக்கிறாள். ராவுத்தருக்கு மூச்சே நின்றுவிட்டதாம்.

"இந்தப் புள்ளைய வெளிய உட்டா கடை மானம் போயிரும் சார். உள்ள உக்கார வெச்சு சோறு போட்டுர்றதுதான் லாபம்" என்றார் அவர். வகுப்பு முடிந்ததும் அவள் காய் தரம் பிரிப்பாள். ராவுத்தர் வீட்டுச் சாப்பாடு, மறுநாளைக்கும் சேர்த்து வரும்.

நான் ஓய்வு பெற்ற வருடம் அவளுக்குக் கடைசிப் பருவத் தேர்வு. உதவித்தொகை வரவில்லை. என் இடத்துக்குப் புதிதாக வந்த வார்டன் அம்மா, பாக்கி வைத்தவளுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று எழுதி ஒட்டிவிட்டார். எழுதாவிட்டால் ஒரு வருடம் போச்சு. மெஸ்கட் பஸ் ஏறி என் வீட்டுக்கே வந்து நின்றாள்.

"நீங்க அடிச்ச விதி சார். அது செத்துப்போச்சா, உசுரோட இருக்கான்னு நீங்கதான் எழுதிக் கேக்கணும்."

வாழ்நாள் முழுக்க மனுக்களைத் திருப்பி அனுப்பியவன், முதல் முறையாகப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மனு எழுதினேன். உரிய படிவத்தில் இல்லை என்று அது திரும்பி வந்தது. அந்தப் படிவத்தைப் புகுத்தியவனும் நான்தான். இந்த முறை அவளே படிவத்தை நிரப்பி, நேரே அலுவலகத்தில் கொடுத்தாள். பதில் இல்லை.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, விடுதியின் அத்தனை பெண்களும் ஒரே காலையில் மெஸ் கட் எழுதிக் கொடுத்தார்கள். ஒருத்தியும் ஊருக்குப் போகவில்லை.

"இது சமரம்! ஸ்ட்ரைக்!" என்று வார்டன் கத்தினாராம்.

"இல்ல மேடம், விதி ஒம்போது" என்றாளாம் மெஸ்கட்.

மெஸ் காண்ட்ராக்டர், வாங்கிப் போட்ட மீன் கூடைகளோடு வார்டன் அறை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். மீன் நாறத் தொடங்குவதற்குள் ஹால் டிக்கெட் அவள் கைக்கு வந்துவிட்டது.

கேள்விப்பட்டதும் நான் விதிப்புத்தகத்தில் தேடினேன். ஓர் இடத்திலும் மீறல் இல்லை.

தேர்வு எழுதினாள், தேறினாள், கோட்டயத்தில் வேலைக்கும் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் மனுவுக்குப் பதில் வந்தது, என் வீட்டுக்கு. விதி பதினேழு இவளுக்குப் பொருந்துமாம். ஹால் டிக்கெட் வழங்கலாமாம். படிவத்தில் அவள் நிரப்பியபடியே உறையில் விலாசம் அடித்திருந்தார்கள்: முதலில் அவள் பெயர், அதன் கீழே 'உள்ளூர்ப் பாதுகாவலர்' என்று என் பெயர்.

சம்பந்தப்பட்டவரின் கையெழுத்து இல்லாமல் அந்த இடத்தை நிரப்புவது விதிமீறல். புகார் செய்யலாமா என்று யோசித்தேன். பிறகு உறையின் மேல், என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, பதில் வந்த தேதியையும் எழுதினேன்: ஜூலை இருபத்தொன்பது.