சைக்கிள் சாமி

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. இப்படி ஒரு முடிவை நான் எடுத்தபோது எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. முடிவெடுக்க எனக்கு எப்போதுமே சிரமம் இருந்ததில்லை. எடுத்ததை ஜோதிமணியிடம் சொல்வதுதான் சிரமம்.

பழனி அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு கடை. மாலை, காவி வேட்டி, பச்சைத் துண்டு, திருநீறு என்று விரதம் இருப்பவர்களுக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். போர்டில் குருநாதன் என்று என் பெயர் இருக்கும். கல்லாவில் என் மனைவி ஜோதிமணி இருப்பாள். போர்டு வெளியே தொங்குகிறது, கல்லா உள்ளே இருக்கிறது, குடும்ப நிலவரம் அவ்வளவுதான்.

எல்லாம் டிக்சனால் வந்தது. கொடைக்கானல் அட்டுவம்பட்டியிலிருந்து எங்கள் கடைக்குத் தைலம் கொண்டுவருகிற பையன். ஒருநாள் தைலத்தோடு இரண்டு கியர் சைக்கிள்களையும் வேனிலிருந்து இறக்கினான்.

“அண்ணே, ஒண்ணு என்னோடது, ஒண்ணு என் ஒய்ஃபு பிரின்ஸியோடது. எங்க ஊர்ல ஓட்ட முடியல. ஏத்தத்துல நான் சைக்கிளைத் தள்ளுறேன், எறக்கத்துல சைக்கிள் என்னையத் தள்ளுது. அவ ‘ஒண்ணு சைக்கிளு, இல்ல நானு’ன்னுட்டா.”

“அதுக்கு?”

“உங்க ஊரு ஃபுல்லா ப்ளாட்டு. இங்கயே கெடக்கட்டும். சண்டே ஃபர்ஸ்ட் பஸ்ல வந்துர்றேன், ரெண்டு பேரும் மெதுவா ஒரு ரவுண்டு போவோம்.”

“நீ கோயிலுக்குப் போக வேண்டாமா?”

“சனிக்கிழமை சாயங்காலப் பூசை இருக்குல்ல.”

அன்றைக்கே மனசு மிதிக்க ஆரம்பித்துவிட்டது. ஆயக்குடிப் பக்கம் ஒருபுறம் கொய்யாத் தோப்பு, ஒருபுறம் வயல், நடுவில் குளம் குளமாகத் தண்ணீர். கரைமேல் மெல்ல மிதித்துக்கொண்டே போகலாம். எங்கேயும் போய்ச் சேர வேண்டாம். நாரை நின்றால் நாமும் நிற்கலாம். இன்னொன்றும் உண்டு. கரையில் வடிவு என்று ஒரு அம்மா, பிடித்த ஜிலேபிக் கெண்டையை அங்கேயே மசாலா தடவிப் பொரித்துக் கொடுப்பாள். சாமி சாமான் விற்கிற வீட்டில் மீன் வாடை ஆகாது என்பது ஜோதியின் சட்டம். நான் மீனை முகர்ந்தே பல வருஷம் ஆகிறது. சொல்லுங்க, ஒரு மனுஷன் இதற்கு ஆசைப்படக் கூடாதா?

இரவு சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தேன்.

“ஜோதி, ஞாயித்துக்கெழமை சைக்கிள்ல போலாம்னு இருக்கேன்.”

“எங்க?”

“எங்கயும் இல்ல.”

“எங்கயும் இல்லாததுக்கு எதுக்குங்க சைக்கிளு?”

“சும்மா போயிட்டு வர்றது.”

“சும்மா இருக்கணும்னா வீட்டுல சேர் கெடக்கு. ஞாயித்துக்கெழமை கடையில நிக்க நேரம் இருக்காது. சோலியைப் பாருங்க.”

இங்கேதான் என் நாக்கில் சனி குந்தியது. “அது வந்து ஜோதி, முருகனுக்கு ஒரு வேண்டுதல்.”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அடிவாரத்தில் யாரும் எதையும் மறுக்கலாம், வேண்டுதலை மட்டும் மறுக்க முடியாது.

“என்ன வேண்டுதல்?”

“ஞாயித்துக்கெழமை தோறும் சைக்கிள்ல போயி குளத்தையெல்லாம் சுத்தி வர்றதா.”

“மலையத்தான சுத்துவாங்க? குளத்த எதுக்குச் சுத்துறாங்க?”

“மலையத்தான் ஊரே சுத்துதே. குளத்தச் சுத்த யாராவது ஒரு ஆளு வேணாமா?”

“சரி, எதுக்காக வேண்டிக்கிட்டீங்க?”

அதை நான் யோசித்து வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “உன் முட்டிவலிக்குத்தான்,” என்றேன்.

ஜோதியின் கண் கலங்கிவிட்டது. “எனக்காகவா?” என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கெண்டை பக்கத்தில் வந்துவிட்ட மாதிரியும் இருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

ஞாயிறு வெள்ளனே எழுந்தேன். எனக்கு முன்னாலேயே ஜோதி குளித்துவிட்டு, கடையிலிருந்து ஒரு மாலையும் காவி வேட்டியும் எடுத்துக்கொண்டு நின்றாள்.

“இது எதுக்கு?”

“வேண்டுதல்னா மாலை போட வேணாமா? குனிங்க.”

குனிந்தேன். கல்யாணத்தில் குனிந்ததற்குப் பிறகு அதுதான் பெரிய குனிவு.

“செருப்பு கூடாது. மெத்தை கூடாது. கவுச்சி கூடாது. கோவப்படக் கூடாது. தெனம் வர்றவுக கிட்ட நீங்க சொல்றதுதான்.”

உண்மைதான். ஒரு விதி சொன்னால் ஒரு சாமான் கூடுதலாக விற்கும் என்று நானே பல விதிகளைச் சேர்த்திருக்கிறேன். செருப்பு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுகிற ஆள் நான். டிக்சனின் சைக்கிள் பெடலில் பல் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கரை நன்றாகத்தான் இருந்தது. நாமக்கோழிகள் தண்ணீரில் மிதந்தன. காற்று கொய்யா வாசத்தோடு வந்தது. டிக்சன் “வியூவப் பாருங்கண்ணே” என்றான். நான் என் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு அம்மா குறுக்கே வந்து, “சாமி, பிள்ளைக்குக் காச்சலு, திருநீறு பூசிட்டுப் போங்க” என்றது. பூசினேன். அடுத்த வளைவில் புது டிராக்டர் வாங்கியவர் வண்டியைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன். நாரைகள் பாட்டுக்கு நின்றன. அவற்றிடம் யாரும் திருநீறு கேட்கவில்லை.

ஒருவழியாக வடிவு கடைக்கு வந்தோம். எண்ணெயில் மீன் விழுகிற சத்தம் கேட்டதும் எனக்குக் கால்வலி மறந்துபோனது. டிக்சன் காதில், “ரெண்டு பிளேட்டு உனக்குன்னே சொல்லு” என்றேன். அவனும் விசுவாசமாகச் சொன்னான். தட்டு வந்தது. என் கை மெல்ல நீண்டது.

“சாமி,” என்றாள் வடிவு. “தள்ளி அந்தப் புளிய மரத்தடியில உக்காருங்க. வாடை படக் கூடாது.”

“பரவால்லம்மா.”

“உங்களுக்குப் பரவால்ல. பாவம் எனக்குல்ல சேரும்?”

மாலையில் கை வைத்தேன். “இதக் கழட்டி வச்சுட்டு ஒரு நிமிஷம்...”

“நெனச்சா கழட்ட அதென்ன சட்டையா? வேண்டுதல் முடிஞ்சு மலை மேலதான் கழட்டணும். நடுவுல கழட்டுனா குடும்பத்துக்கு ஆகாதுன்னு போன தைப்பூசத்துக்கு எங்க வீட்டுக்காரர்கிட்ட யாரு சொன்னா? நீங்கதான அடிவாரத்துக் கடைக்காரரு?”

நான்தான். அன்றைக்கு அவருக்கு ஒரு துண்டு கூடுதலாக விற்றிருந்தேன். மரத்தடியில் உட்கார்ந்து அவள் கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்தேன். டிக்சன் இரண்டு தட்டு மீனையும் தின்றுவிட்டு, “சாரிண்ணே, வேஸ்ட் ஆயிரும்ல” என்றான்.

அடுத்த ஞாயிறும் இதே கதை. அதற்கடுத்த ஞாயிறும் இதே சுக்குக் காப்பி. வாரம் முழுக்கத் தரையில் பாய், காலையில் கஞ்சி. கோபப்படக் கூடாது என்பதால் ஜோதியிடம் கத்தவும் வழியில்லை. உள்ளங்கால் இரண்டும் வெட்டிய செங்கொய்யா போலச் சிவந்து கிடந்தன. இதற்கு மேல் தாங்காது, அவள் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

“ஜோதி, ஒண்ணு சொல்லணும். நான் வேண்டுதலே வைக்கல. பொய்.”

அவள் நிமிரவே இல்லை. “தெரியுங்க.”

“தெரியுமா? எப்ப?”

“சொன்ன அன்னைக்கே. இத்தன வருஷத்துல என் முட்டியப் பத்தி நீங்க ஒரு வார்த்த கேட்டதில்ல. திடீர்னு முருகன்கிட்டயா போயி கேப்பீக? ஒரு நிமிஷம் நம்பி அழுதுட்டேன். அதான் எனக்கு ஆத்திரம்.”

எனக்குச் சுருக்கென்றது. “தப்புதான் ஜோதி. மாலையக் கழட்டிடட்டுமா?”

“அதெப்படி? அவன் பேரச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கீக. மறுநாளே வின்ச்சுல ஏறி மலைக்குப் போயி நான் நெசமாவே வேண்டிக்கிட்டு வந்துட்டேன்.”

“என்னன்னு?”

“‘முருகா, இந்த மனுஷன் என்னைக்கு வாயத் தொறந்து உண்மையச் சொல்றாரோ, அன்னையில இருந்து ஆறு ஞாயிறு அதே குளத்த நடந்து சுத்தி வருவாரு’ன்னு.”

“நடந்தா?”

“ஆமா. நீங்க பேசாம இருந்திருந்தா சைக்கிளாவது மிஞ்சியிருக்கும்.”

அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

இப்போது முதல் ஞாயிறு. கரையில் நடந்துகொண்டிருக்கிறேன். கடைக்கு இன்று அரை நாள் லீவு, ஜோதியின் உத்தரவு. எனக்குப் பின்னால் மணி அடித்தது. ஒதுங்கினேன். பிரின்ஸியின் சைக்கிளில் ஜோதி போனாள், பக்கத்தில் டிக்சன். முட்டிக்குச் சைக்கிள் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். ஆயக்குடியில் பிறந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவளாம். இருபத்திரண்டு வருஷத்தில் இதையும் நான் கேட்டதில்லை. அவசரமே இல்லாமல், நாரை நின்ற இடத்தில் நின்று, பார்த்துப் பார்த்துப் போனாள்.

நான் வடிவு கடையை எட்டியபோது ஜோதியின் முன்னால் ஒரு முழுக் கெண்டை, பாதி முள்ளாகி இருந்தது.

“ஜோதி, மீனு ஆகாதும்பியே?”

“வீட்டுக்குள்ளதாங்க ஆகாது,” என்று விரலைச் சப்பினாள். பிறகு வடிவு பக்கம் திரும்பி, “இன்னொரு மீனு போடுங்கக்கா. சாமிக்குச் சுக்குக் காப்பி போதும்.”