ஒரே நாளில் நான்கு முறை குணமடைந்தவள்

ஆஸ்பத்திரிக்கு மானியம் கொடுப்பதில் முன்பு ஒரு முறை இருந்தது: ஆள் படுத்திருக்கும் கட்டிலுக்கு இவ்வளவு என்று. அதனால் பல்வலியென்று வந்தவர்கூட இரண்டு மழைக்காலம் படுத்தே கிடந்தார். மேலிடம் திடுக்கிட்டு விழித்து, பொதுநலனை முன்னிட்டு முறையை மாற்றியது. இனி, குணமாகி வெளியேறும் தலைக்கு இவ்வளவு. 'முழுத் திருப்தி' என்று கையெழுத்தான படிவத்துக்கு இவ்வளவு.

இந்தப் பொன்னான மாற்றம் வந்த வாரத்தில்தான் பழைய இரும்புக் கடைக்காரர், பித்தப்பைக் கல்லோடு துடித்த மனைவியைக் கூட்டிப்போனார். முன்வாசலில் சேர்த்தார்கள்; மணிக்கட்டில் எண் கட்டினார்கள்; குணமானவர் என்று பின்வாசலில் அனுப்பிவிட்டார்கள். சுற்றி வந்து மறுபடி சேர்த்தார். மறுபடி குணம். மத்தியானத்துக்குள் அந்த அம்மாள் நான்கு முறை குணமடைந்துவிட்டாள். கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைக்காரர் கண்காணிப்பாளரின் அறைக்கதவைத் தள்ளினார்.

"கத்தியே வைக்காம எப்படிய்யா குணம்?"

"வச்சா ஏழு நாள் கட்டிலை அடைச்சுக்குவாங்க. அதுல இருநூறு பேரைக் குணப்படுத்தலாம். நீங்க ஒருத்தருக்காகப் பேசுறீங்க. நான் இருநூறு பேருக்காகப் பேசுறேன்."

கடைக்காரருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் எதிராளிக்கு எதில் பசி என்று தெரிந்தால் பாதிப் பேரம் முடிந்தது என்பது அவர் அடிபட்டுக் கற்ற பாடம். மேசைமேல் இருந்த திருப்திப் படிவங்களைப் பார்த்தார். தம்பி, மச்சான், சம்பந்தி பேரிலெல்லாம் இருபத்தைந்து படிவம் கையெழுத்துப் போட்டுத் தருவதாக ஆரம்பித்தார். கண்காணிப்பாளர் ஐம்பது கேட்டார். நாற்பதில் படிந்தது. பதிலுக்கு மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. உட்கார்ந்து எழுதித் தள்ளினார்.

காலையில் அறுவை அறை பூட்டிக் கிடந்தது. கதவில் ஆணை: நேற்று மாலை வரையிலான படிவங்களை ஆராய்ந்ததில், எந்த மருத்துவரும் எவரையும் தொடாத காலத்திலேயே திருப்தி வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டிருப்பதால், அறுவை மருத்துவர் பணியிடம் தேவையற்றதெனக் கருதி நீக்கப்படுகிறது. மேலிடம் ஒரே ராத்திரியில் ஒரு வேலையை முடித்தது அதுதான் முதல் தடவை.

"எந்த மடையன்யா இவ்வளவு கையெழுத்துப் போட்டது?" என்று அறுவைக்குக் காத்திருந்த வரிசையைப் பார்த்துக் கடைக்காரர் கத்தினார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் மை படிந்த விரலை மறைத்துக்கொண்டார்கள். தான் ஒருவன்தான் கெட்டிக்காரத்தனமாகப் பேரம் பேசியதாக ஒவ்வொருவனும் நினைத்திருந்தான். கடைக்காரரும் மெல்லக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நடையின் கோடியில் புதுப் படிவங்களோடு ஓர் ஊழியர் வருவது தெரிந்தது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, வீட்டுக்குப் போயிடலாம். இங்க நின்னா இன்னொரு தடவை குணமாக்கிடுவாங்க."