எச்சரிக்கைக்கு ஆதரவாக நான் ஆற்றிய உரை

பிள்ளைகளைத் திருத்தக் கிளம்பும் தகப்பன்மாரில் முக்கால்வாசிப் பேர் மடையர்கள். மிச்சக் கால்வாசியில் நான் இருப்பதாக வெகுகாலம் நம்பியிருந்தேன்.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் மனநலத்தைச் சமூக ஊடகம் கெடுக்கிறது, சிகரெட் பெட்டியில் இருப்பதுபோல் திரையிலேயே எச்சரிக்கை போடச் சட்டம் வேண்டும் என்று எங்கும் பேச்சு. பெற்றோர் சங்கத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட நான், அதைப் பற்றி முழங்கப் பெயர் கொடுத்திருந்தேன். (அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட வாசித்திருக்கவில்லை. மேடையேற அது என்றைக்குத் தடையாக இருந்தது?)

முன்வரிசையில் மனைவியும் பதினாறு வயது மகள் மதுவும்.

"எங்கட பிள்ளையளுக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒரு எச்சரிக்கை வந்தால் வாசிப்பினம், பயப்பிடுவினம், ஃபோனை வைச்சிடுவினம்!"

கைதட்டினார்கள். மரியாதையாக அதோடு இறங்கியிருக்கலாம்.

"இதுகள் என்னத்தைப் பாக்குதுகள் எண்டு இப்ப காட்டுறன் பாருங்கோ" என்று என் கைபேசியைப் பெரிய திரையில் இணைத்து, வீடியோச் செயலியைத் திறந்தேன்.

பாவாடை கட்டிய பூனையொன்று பிட்டு அவித்துக்கொண்டிருந்தது. அதை மறைத்தபடி ஜெர்மன் மொழியில் ஓர் அறிவிப்பு எழுந்தது. எங்கள் தலைமை ஆசிரியை வசந்தி அக்கா எல்லோருக்கும் விளங்கட்டுமே என்று அதைத் தமிழில் உரக்கச் சொன்னார்:

"நீங்கள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் போலத் தெரிகிறது. நெடுநேரம் பார்ப்பது உங்கள் மனநலத்தைப் பாதிக்கலாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் பேசுங்கள்."

மண்டபம் சிரிப்பில் வெடித்தது.

"பிழையா வந்திட்டுது! பிறந்த திகதி சரியாத்தான் குடுத்தனான்" என்று கத்தினேன்.

மது எழுந்தாள். "அப்பா, உது பிறந்த திகதியைப் பாக்கிறேல்லை. என்ன வீடியோ பாக்கிறியள் எண்டதை வைச்சு வயசைக் கணிக்குது. கன நாளா உங்களுக்கு வருது. நீங்கள் வாசிக்காமல் தள்ளி விடுறனீங்கள்."

உண்மைதான். இந்த நாட்டில் திரையில் எது முளைத்தாலும் வாசிக்காமல் 'சம்மதம்' என்று அமுக்கிவிடுவது என் பழக்கம். எச்சரிக்கை வந்தால் திருந்திவிடுவார்கள் என்று கோட் போட்டுக்கொண்டு முழங்கியவன், நாள்தோறும் அதைக் கட்டைவிரலால் ஒதுக்கிவிட்டுப் பூனை பார்த்திருக்கிறேன்.

"உனக்கும் வரும்தானே?" என்றேன், கடைசி ஆயுதமாக.

"இல்லையப்பா. நான் செய்தியள்தானே பாக்கிறனான். என்னைப் பெரிய ஆள் எண்டு நினைச்சிட்டுது."

தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணை, "இவரை இளையோர் பிரதிநிதியாப் போடுவம்" என்று முன்மொழிந்தார். வெட்கங்கெட்ட கைகள் பல உயர்ந்தன. அதில் ஒன்று என் மனைவியுடையது.

இப்போதும் நான் கைபேசியோடு சோபாவில் சாய்ந்தால் குசினியில் சமைத்தபடியே மனைவி குரல் கொடுப்பாள்: "மது, அப்பாவோட ஒருக்காக் கதை பிள்ளை."

மதுவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளைத் தடவிக் கேட்பாள்: "சொல்லுங்கோ அப்பா, பள்ளிக்கூடத்தில ஆரும் பகிடி பண்ணினவையோ?"