கர்த்தருக்குள் ஓட்டத்தை முடித்தவள்

எங்கள் ராஜபாளையத்தில் ஒருவருடைய முகம் ஃப்ளெக்ஸில் வந்தால், நல்லதா கெட்டதா என்பதை மூலையில் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். புறா இருந்தால் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடு. அந்தப் புறா மேகத்துக்குள் பறந்தால் துக்க வீடு.

என் முகம் ஒரே ஒருமுறைதான் ஃப்ளெக்ஸில் வந்தது. புறா மேகத்துக்குள் பறந்துகொண்டிருந்தது.

அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். நீண்ட தூர ஓட்டக்காரி. ஓட்டக்காரி என்பதைத் தவிர வேறு எதுவாகவும் இல்லாதவள் என்றும் சொல்லலாம். ஜெயித்தால் தெருவுக்கே மிட்டாய் கொடுப்பேன். தோற்றால் சாப்பிட மாட்டேன் (வீட்டில் மற்றவர்களையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டேன்). என்னை எப்போதும் தோற்கடித்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோதை. ஆண்டாள் பெயரை வைத்துக்கொண்டு அவள் என்னை முந்தும்போதெல்லாம், "ஆண்டவரே, அவ சாமிகிட்ட தோத்துராதீங்க" என்று ஜெபிப்பேன். அதைத் தாண்டி எனக்கும் கடவுளுக்கும் பெரிய பேச்சுவார்த்தை இருந்ததில்லை.

பிறகு முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன், கட்டில், கைத்தடி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இனி என்னட்டி செய்யப் போற?" ஓடாத ஜெபா யாரென்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது. சொல்லி அழ ஆளில்லாமல் கடவுளோடு சண்டைக்குப் போனேன். தினமும் சண்டை. ஒருநாள் சண்டைக்கு நடுவில், நான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவர் எழுந்து போகப் போவதில்லை என்று விளங்கியது. மெடல் வாங்காத ஜெபாவையும் அவருக்குப் பிடித்திருந்தது (எனக்கே பிடிக்காத ஆள் அவள்!). அன்றுதான் எனக்கு நிஜமாகவே விசுவாசம் வந்தது.

கால் தேறியபோது, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டப்பந்தயம் ஒன்று அறிவித்தார்கள். கோச் கறாராகச் சொல்லிவிட்டார். "இத முடிச்சேன்னா மேற்கொண்டு ஓடு. பாதியில உக்காந்தேன்னா ஷூவ யாருக்காச்சும் குடுத்துரு." எனக்கு அது போதும். ஜெயிக்க வேண்டாம். ஊர்ந்தாவது முடிக்க வேண்டும். கடவுளுக்கு நன்றியாக ஒரு ஓட்டம்.

உண்மையான தாழ்மை உள்ளவள் இதோடு வாயை மூடியிருப்பாள். நானோ என் தாழ்மையை ஊருக்கு அறிவிக்க ஆறடி ஃப்ளெக்ஸ் கேட்டேன். 'கர்த்தருக்குள் ஓட்டத்தை முடிப்பாள்' என்பது வாசகம். அப்பா ஓடும் பஸ்ஸிலிருந்து கடைக்கு போன் செய்து சொன்னார். பஸ் சத்தத்தில் கடைக்காரர் காதில் 'முடித்தாள்' என்று விழுந்திருக்கிறது. "கிறிஸ்டியன் டிசைன்தானண்ணே?" என்று அவர் கேட்க, அப்பாவும் ஆமாம் என்றிருக்கிறார்.

எங்கள் ஆட்களிடம் 'ஓட்டத்தை முடித்தாள்' என்ற வார்த்தைக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கல்லறைக் கல்லிலும் இரங்கல் போஸ்டரிலும் மட்டும் வரும் வார்த்தை அது. மேகம், புறா, வெளிச்சம். நடுவில், ஹால்டிக்கெட்டுக்காக எடுத்த என் சிரிக்காத முகம். கீழே, 'சனிக்கிழமை காலை, ராஜபாளையத்திலிருந்து புறப்படுகிறாள்.' கடையின் ஆள் அதைப் பந்தயம் போகும் வழியில், மம்சாபுரத்துக்கு ரோடு பிரியும் விலக்கில், என் பெரிய அத்தை பால் வாங்க வரும் கடைக்கு எதிரே கட்டிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

விடிந்ததும் அத்தை பார்த்திருக்கிறார். உடனே அப்பாவுக்கு போன். பந்தயம் தொடங்கும் இடத்தில் மைக் அலறியதால் அப்பா எடுக்கவில்லை. தன் தம்பி போன் எடுக்கவில்லை என்பதே அத்தைக்குப் போதுமான சாட்சியாகிவிட்டது.

நான் விலக்கை நெருங்கியபோது முட்டி வலிக்க ஆரம்பித்திருந்தது. தூரத்தில் கூட்டம். எனக்குக் கைதட்ட வந்தவர்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையசைத்தேன். ஃப்ளெக்ஸுக்குக் கீழே அத்தை தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி ஜெபா, இப்படி ஓடியே போயிட்டியேட்டி!"

"போகல அத்தை, ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன்!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. "யேசப்பா, உசிரோட எழுப்பிட்டீரே!" என்று கத்திக்கொண்டு அத்தை என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். விடவில்லை.

"அத்தை, விடுங்க. நின்னா காலு இறுகிரும். நான் முடிக்கணும்."

"முடிச்சதெல்லாம் போதும்! செத்த நேரம் நில்லுட்டி!"

கொஞ்ச நேரம் என்பதற்கு எங்கள் பக்கம் வேறு வார்த்தையே இல்லையா என்று அன்றுதான் யோசித்தேன். விடுவித்துக்கொண்டு கிளம்பியபோது, அத்தை வாங்கி வைத்திருந்த பெரிய ரோஜா மாலையை என் கழுத்தில் போட்டார். "எம்புட்டு நல்ல மாலை, வீணாப் போகுமா?" கழற்ற நேரமில்லை. அதோடு ஓடினேன்.

கொஞ்ச தூரத்தில் கோதை மைல்கல்லில் உட்கார்ந்திருந்தாள். முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டதாம். எத்தனையோ பேர் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்குள் பழைய ஜெபா துள்ளிக் குதித்தாள். 'ஓடுட்டி, அவ உக்காந்துட்டா!'

இரண்டடி ஓடவும் செய்தேன். பிறகு திரும்பி வந்து கையை நீட்டினேன்.

"நீ செத்தவளாச்சே, எனக்கா கை குடுக்கே?" என்றாள்.

"எந்திரி. அம்புட்டு தூரம் தனியா ஓட எனக்கும் தெம்பில்ல."

அதன் பிறகு நடந்ததை ஓட்டம் என்று சொன்னால் கோச் கோபித்துக்கொள்வார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் கோபுரம் தெரிகிறது, தெரிந்துகொண்டே இருக்கிறது, பக்கத்தில் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குள் ஊசி இறங்கியது. வயிறு சரியாகியும் கோதை என்னை விட்டுப் போகவில்லை. "நிக்காதட்டி. நின்னேன்னா உங்க அத்தை திரும்ப அழ ஆரம்பிச்சிருவாவ." நான் நிற்கவில்லை.

எல்லைக்கோட்டில் கோதை வேண்டுமென்றே ஓரடி பின்தங்கினாள். ஆக, நான் கோதையை முந்திய ஒரே பந்தயத்தில் எனக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தின இடம். எங்களுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்தான் வந்தது.

கோச் என் கழுத்தையே பார்த்தார். "இன்னும் ரிசல்ட்டே சொல்லல. அதுக்குள்ள எவன் மாலை போட்டது?"

"முடிச்சிட்டேன் சார்" என்றேன். அப்படியே உட்கார்ந்து அழுதேன். ஃப்ளெக்ஸில் இருந்தது அந்த நிமிடத்தில்தான் உண்மையானது. (கடைக்காரர் கொஞ்சம் முன்கூட்டியே போட்டுவிட்டார் என்பது அப்பாவின் வாதம். காசைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.) அன்று ராத்திரி எங்கள் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். நான் இரண்டு மடங்கு சாப்பிட்டேன். தோற்றால் சாப்பிடாத அந்தப் பெண் அந்த விலக்கிலேயே நின்றுவிட்டாள் போலிருக்கிறது. மாலை அவளுக்குச் சரியான மாலைதான்.

அந்த ஃப்ளெக்ஸ் இப்போது அத்தையின் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை. ஒவ்வொரு வருடமும் அதே நாளில், விடிவதற்குள் அத்தையின் போன் வந்துவிடும்.

"ஏட்டி, இன்னைக்கு உன் நினைவு நாளு. வீட்டுலதான இருக்கே?"

"இல்ல அத்தை. ஓடக் கெளம்பிட்டேன்."