மூன்று தலைவர்களுக்கும் வேண்டியவர்

லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் ஓய்வே பெறாத ஓர் இனம் உண்டு: ஓய்வு பெற்ற தூதர். பதவி போய்ப் பதினைந்து வருடம் ஆனாலும் காய்கறிக்காரர் வரை அவரைத் 'தூதரே' என்றுதான் அழைக்க வேண்டும். அழைக்காத கடையில் தக்காளி அழுகல். ஷவ்கி நஹ்ரா அந்த இனத்தின் அசல் வித்து. ஒரு தடவை எம்.பி.யாக இருந்தார், நான்கு நாடுகளில் தூதராக இருந்தார், எங்கே எதைக் கேட்டாலும் "பேசித் தீத்துக்கலாம்" என்று சொல்லியே நல்ல பெயரும் வாங்கினார். பாக்கி ஒன்றுதான். கண்மூடுவதற்குள் ஒரு முறை அமைச்சராகிவிட வேண்டும்.

மந்திரிசபை அமைய அங்கே மாதக்கணக்காகும். நாற்காலிகளைக் கோஷ்டிவாரியாகப் பங்கு போட்டாக வேண்டுமே! அதுவரை இந்த இனத்தார் எங்கே இருப்பார்கள்? துக்க மண்டபங்களில். முன்வரிசையில் இடம் பிடித்து, சர்க்கரை போடாத காப்பியைக் கையில் வாங்கி, பக்கத்தில் எந்தத் தலைவர் வந்து உட்கார்கிறாரோ அவர் காதில் "நான் உங்க ஆள்தான்" என்று ஓதிக்கொண்டிருப்பார்கள்.

"இன்னைக்கு யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார் மனைவி லோரிஸ்.

"தான்யூஸ் மக்தூம்னு ஒரு பெரிய புள்ளி. மூணு தலைவருங்களும் வராங்க. பிரதமராகப் போறவரும் வராரு."

"பாவம் மனுஷன். உங்களுக்குத் தோதான நாளாப் பாத்துச் செத்திருக்காரு."

ஷவ்கி கறுப்பு டையை இறுக்கிக்கொண்டு கிளம்பினார். மண்டபத்தில் மூன்று தலைவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தனித்தனியாகவே அவர்களைப் பிடித்துப் பழகியவர், யார் பக்கத்திலும் உட்காராமல் பின்னால் போய் நின்றுகொண்டார். பிரதமராகப் போகிறவர் தலைவர்கள் பக்கம் குனிந்து கேட்டார்: "நம்ம தூதர் தங்கமான மனுஷன், வெளியுறவு குடுக்கலாம். யார் பங்குல சேக்கட்டும்?"

"அவங்க பங்குல," என்று இரண்டாமவரைக் காட்டினார் முதல் தலைவர்.

"எங்க ஆளா? இவங்க ஆளுன்னுல்ல நெனச்சேன்," என்று மூன்றாமவரைக் காட்டினார் இரண்டாமவர்.

மூன்றாமவர் காப்பியை உறிஞ்சினார். "எங்க பங்கே ரெண்டு நாற்காலி. அதுல அடுத்தவங்க ஆளுக்கு எடமேது?"

அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். பின்னால் நின்ற ஷவ்கிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அன்று அந்த மண்டபத்தில் மனம்விட்டு அழுதவர் அவர் ஒருவர்தான். இறந்தவரின் மகன் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

"அழாதீங்க தூதரே. அப்பா மேல உங்களுக்கு இவ்வளவு பாசம்னு தெரியாமப் போச்சே."

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன மாதம் அண்ணன் தம்பி பாகச் சண்டையில், முன்வாசலில் அண்ணனிடமும் கொல்லையில் தம்பியிடமும் "நான் உன் பக்கம்தான்" என்று சொன்னீர்களே. இரண்டு பேரும் ஒரே வரிசையில் உட்காரும் வரை கவலையில்லை.